ஒல்பியாவின் புதிய குடிமகன்

ஹிப்பானிஸ் நதி கருங்கடலோடு கலக்குமிடத்தில், மேல்வானத்துச் செம்மை இன்னும் மாறாதிருக்கையிலேயே கீழ்வானில் முழுமதி எழுந்து, நாணற் காடுகளின் மீது வெள்ளிப் பொடியைத் தூவத் தொடங்கியிருந்தது. அவ்வழகை ரசிக்கும் நிலையில் ஒல்பியா நகரத்தார் ஒருவருமில்லை. மதிலுக்கு அப்பால், கண்ணெட்டிய தூரமெல்லாம் மாசிதோனியப் படையின் கூடாரங்கள் முளைத்திருந்தன.

வாசகர்களே, இந்நகரத்தின் பிறப்பைச் சற்றே அறிந்துகொள்வோம். இம்முற்றுகைக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன், மிலேத்தஸ் என்னும் கிரேக்கப் பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள் இக்கரையில் கோயிலெழுப்பி, கோதுமை வாணிபம் செய்து, தாய்நகரே வியக்கும்படி வாழ்ந்தார்கள். அந்த வாழ்வுக்குத்தான் இப்போது முடிவு நெருங்கியிருந்தது. போரிட ஆட்கள் போதவில்லை. ஆகவே அன்று காலை சபை கூடி, அடிமைகளனைவரையும் விடுதலை செய்து, அந்நியரையும் குடிகளாக ஏற்றது. அப்படி விடுதலை பெற்றவர்களில் ஒருவன் அர்காமன். வடக்கே விரிந்த புல்வெளி நாட்டின் சித்தியன். மூன்றாண்டுகளாகச் சபைத்தலைவர் திமோகிளெஸின் குதிரைகளைப் பேணி வந்தவன்.

நதியை நோக்கிய சிறு வாயிலில் அவன் ஓடத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது, சபைத்தலைவரின் மகள் மெலித்தா படியிறங்கி வந்தாள். புல்வெளி அரசனிடம் உதவி கேட்டு, அர்காமன் வசம் அனுப்பச் சபை எழுதிய ஓலை அவள் கையிலிருந்தது.

"பெற்றுக்கொள்ளும், ஒல்பியாவின் குடிமகனே!" என்றாள்.

அர்காமன் கையை நீட்டவில்லை.

"தேவி, இதைத் தருமுன் ஓர் உண்மையைக் கேட்டுவிடுங்கள். நான் போரில் பிடிபட்டு அடிமையானவனல்லன். வேண்டுமென்றே பிடிபட்டவன். புல்வெளி அரசர் என் தந்தையின் தமையனார். இந்நகரத்தை என்றேனும் கைப்பற்ற எண்ணி, இதன் பலவீனம் அறிந்து வர அவரே என்னை அனுப்பினார். வடக்கு மதிலின் விரிசல்கள் முழுதும் எனக்குத் தெரியும்."

மெலித்தா மதிலை நிமிர்ந்து பார்த்தாள். மேலே வில்லாளிகள் நின்றார்கள். ஒரு குரல் கொடுத்தால் போதும்.

"சொல்லாமலே போயிருக்கலாமே?"

"போயிருக்கலாம். அடிமையாக இருந்தவரை உங்களை ஏமாற்றியது போர்த்தந்திரம். இன்று சபையில் என் பெயரையும் குடிகளோடு சேர்த்துப் படித்தீர்கள். இனி ஏமாற்றினால் அது துரோகம்."

"எங்களைக் காக்க வரும் உம் பெரியப்பா, காத்த கையோடு நகரத்தையும் எடுத்துக்கொண்டால்?"

"தடுக்க முயல்வேன். முடியாவிட்டால் இந்த மதிலின் பக்கம் நின்று அவரோடு போரிடுவேன். உயிர் தரும் காற்றின் மீதும், உயிர் பறிக்கும் வாளின் மீதும் ஆணை!"

அவள் நதியின் பக்கம் திரும்பினாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "எங்கள் முன்னோர் கப்பலில் நெருப்பைக் கொண்டுவந்தார்கள், தெய்வங்களைக் கொண்டுவந்தார்கள், பெண்களைக் கொண்டுவரவில்லை. இவ்வூரில் பாதிப் பேருக்குத் தாய்வழி உம்முடைய புல்வெளிதான். அதைச் சொல்ல வெட்கப்பட்டே இத்தனை தலைமுறை கழிந்தது. போய் வாரும்!"

ஓலை கைமாறியது. ஓடம் நாணலுக்குள் மறைந்தது.

அன்றே மெலித்தா தந்தையிடம் நடந்ததைக் கூறினாள். திமோகிளெஸ் இடிந்துபோய் அமர்ந்தார். "ஒற்றனென்று தெரிந்துமா அனுப்பினாய்? அவன் வராவிட்டால் முந்நூறு ஆண்டு உழைப்பும் உன்னால் அழிந்ததென்று ஆகுமே, மகளே!"

"தெரியும், அப்பா. ஆயினும் காலையில் குடிமகனென்று அழைத்தவரை மாலையில் எப்படிக் கொல்லச் சொல்வேன்?"

ஒன்பது நாட்கள் கடந்தன. வடக்கு மதிலில் ஓரிடம் இடிந்து விழ, நேற்றைய அடிமைகளும் எசமானர்களும் தோளோடு தோள் நின்று அதைக் கற்களாலும் உடல்களாலும் அடைத்தார்கள். பத்தாம் நாள் பிற்பகலில் வடதிசையில் புழுதி எழுந்தது. பல்லாயிரம் குதிரைகளின் குளம்பொலி கேட்டதும் மாசிதோனியர் கூடாரங்களைக் கலைத்து மேற்கே ஓடினர். சித்தியப் படை அவர்களைத் துரத்திச் சென்றது.

ஒரேயொரு குதிரைவீரன் மட்டும் அப்படையிலிருந்து பிரிந்து நகரவாயிலை நோக்கி வந்தான். அவன் இடத்தோளில் முறிந்த அம்பொன்று தைத்திருந்தது.

மதில்மேலிருந்து திமோகிளெஸ் உரக்கக் கேட்டார்: "புல்வெளி அரசகுமாரரே! உம்முடைய பெரியப்பா எங்கே?"

"பகைவரைத் துரத்துகிறார். நகரத்தைத் தொடமாட்டேனென்று வாக்களித்தார். அதற்கு ஈடாக, புல்வெளியில் எனக்கிருந்த உரிமை முழுவதையும் விட்டுக்கொடுத்தேன்."

"அப்படியானால், எந்த நாட்டவராக இந்தக் கதவைத் தட்டுகிறீர்?"

"ஒல்பியா நாட்டவனாக, ஐயா. சீக்கிரம் திறக்கச் சொல்லுங்கள், தோள் வலிக்கிறது!"

காவலர்கள் உத்தரவுக்காகச் சபைத்தலைவரின் முகத்தைப் பார்த்தார்கள். மெலித்தா யார் முகத்தையும் பார்க்கவில்லை. கதவின் தாழை நீக்குவதற்காக மதிற்படிகளில் ஓடி இறங்கிக்கொண்டிருந்தாள்.