கண்டென்சரில் மிச்சமிருந்தது

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் இரைச்சல் நிற்கவில்லை.

ரேடியோ ரிப்பேர் பார்க்கும் ஜகந்நாதன் கையிலிருந்த பிளக்கைப் பார்த்தான். மாட்டுங்காவில் காலையிலிருந்து விடாத மழை. நடுப்பகலிலேயே அந்த முன்னறை இருண்டிருந்தது. கொடியில் உலராத துணிகளின் ஈர வாடையோடு, சூடேறிய டிரான்ஸ்பார்மரின் அரக்கு வாடையும் கலந்து மூச்சை அடைத்தது. மேஜைமேல் முதுகு திறந்து கிடந்த கிதார் ஆம்ப்ளிபயர், வலி தாங்காமல் வாயை மூடிக்கொண்டு முனகும் ஆளைப் போல ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தது.

தாராவி கணேசபாண்டியன் கொண்டுவந்த பெட்டி அது. பாண்டு கோஷ்டியில் ஹவாயன் கிதார் வாசிப்பவர். உலகச் சண்டை முடிந்து ஊர் திரும்பிய வெள்ளைக்காரச் சிப்பாய்கள் விட்டுப்போனதாம்.

“முந்தி வாசிச்சவன் ஷாக் அடிச்சு, கை கம்பியிலேயே ஒட்டிக்கிட்டு செத்துப்போனானாம், சாமி. புரளியாத்தான் இருக்கும். இந்த முனகலை மட்டும் நிறுத்திக் குடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

கண்டென்சர் காய்ந்துபோனால் முனகத்தான் செய்யும். ஜகந்நாதன் புதிது போட்டிருந்தான். பிளக்கை எடுத்த பிறகும் அதற்குள் கொஞ்ச நேரம் கரண்ட் தங்கும் என்பதும் அவனுக்குத் தெரியும். அதை வடிக்க, திருப்புளியை அதன் இரு முனைகளுக்கும் குறுக்கே வைத்தான். நீலப்பொறி வெடித்தது. மௌனம்.

மீட்டரை வைத்துப் பார்த்தான். பூஜ்யம். பிறகு முள் லேசாக அசைந்தது. ஏறியது. ஐம்பது. நூறு. முந்நூறு வோல்ட்.

மறுபடி முனகல்.

மறுபடி பொறி. மறுபடி முள் ஏறியது. ஸ்பீக்கர் வயரை வெட்டினான். உள்ளே இழை சிவந்து எரியும் கண்ணாடி வால்வுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். சுட வேண்டிய கண்ணாடிகள் விரலில் சில்லிட்டன. முனகல் மட்டும் குறையவில்லை.

“ஏன்னா, யாரு அழறா?”

அரிசி களைந்த கையோடு நாகலக்ஷ்மி உள்வாசலில் நின்றாள். விரல்களிலிருந்து நீர் சொட்டியது.

“யாருமில்லை. நீ உள்ளே போ. கிட்ட வராதே!”

அவள் அவனைப் பார்க்கவே இல்லை. பெட்டியைத்தான் பார்த்தாள்.

“பாவம்னா” என்றாள்.

கிட்ட வந்து ஈரக்கையை அதற்குள் வைத்தாள்.

“நாகு!”

பொறி இல்லை. அலறல் இல்லை. மரமுக்காலியைத் தூக்கி அவள் கையைத் தட்டிவிட்டான். கை சுலபமாக விலகியது. முனகல் நின்றது. மீட்டரின் முள் பூஜ்யத்தில் விழுந்து கிடந்தது. வெளியே மழை மட்டும்.

“ஒண்ணும் ஆகலையே?” என்றான்.

அவள் முதுகைக் காட்டி நின்றாள். தோளைத் தொட்டுத் திருப்பினான். தோள் சில்லிட்டிருந்தது.

மூடிய உதடுகள். உள்ளிருந்து, ம்ம்ம்.

அதே சுருதி.

உதடுகள் மெல்லப் பிரிந்தன. நாக்குக்குப் பின்னால், தொண்டையின் ஆழத்தில், வால்வின் இழையைப் போல ஒரு செம்மஞ்சள் வெளிச்சம். மெதுவாகச் சூடேறிக்கொண்டிருந்தது.