நகரிக்கும் திருப்பதிக்கும் நடுவே

வால்நட்சத்திரத்தின் வால் கீழே தொங்கிக்கொண்டிருந்தது.

எத்திராஜ் பைனாகுலரை இறக்கி, வேட்டி நுனியால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். சூரியன் இப்போதுதான் மேற்கே இறங்கியிருந்தது. வால் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்பக்கம் நீளும், அதாவது இந்நேரம் மேலே பார்த்து நிற்க வேண்டும். வருஷக்கணக்காக ஜூனியர் காலேஜில் பிசிக்ஸ் நடத்துகிறவருக்கு இதை யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அந்த மங்கலான வெள்ளைப் புள்ளியிலிருந்து, கிணற்றுக்குள் விட்ட கயிறு மாதிரி, ஒன்று நேராகத் தரையைப் பார்த்து இறங்கியிருந்தது.

மொட்டை மாடியில் அவரைத் தவிர யாரும் இல்லை. சுற்றி நாலு தெருவிலும் பவர்லூம் தறிகள் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தன. நூலுக்குப் போடும் கஞ்சியின் புளித்த வாசனையும், சாயத் தண்ணீர் ஓடும் சாக்கடையின் காரமும், பகலெல்லாம் வெந்த சிமெண்ட் தரையின் சூடும் சேர்ந்து காலடியிலிருந்து மேலே ஏறின. இதெல்லாம் தினமும் உள்ளதுதான். இருந்தும் அன்றைக்கு அவருக்கு முதுகு ஜில்லென்றது.

திருப்பதியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் மகள் காஞ்சனாவுக்குப் போன் போட்டார். தாயில்லாத பெண். அவர் வளர்த்த ஒரே ஜீவன். மற்ற அப்பாக்கள் மகளோடு சினிமா பேசுவார்கள். இவர் நட்சத்திரம் பேசி வளர்த்தார். தன் பழைய தொலைநோக்கியை அவளுக்குக் கொடுத்து அனுப்பியிருந்தார். சாயங்காலமானால் அவர் நகரியிலும் அவள் திருப்பதியிலும் ஒரே நேரத்தில் மாடி ஏறி, வால்நட்சத்திரம் எந்த நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, எவ்வளவு பிரகாசம் என்று பார்த்துக் குறிப்பார்கள்.

"துன்னியாமா?"

"துன்னுட்டேன் நைனா. இன்னிக்கு இன்னும் ஜாஸ்தி வெளிச்சமா கீது. ஆனா நீ சொன்ன நட்சத்திரத்துகிட்ட இல்ல. அதுக்கு இடது பக்கம், நல்லா தள்ளி."

"வால்?"

"கீழ தொங்குது நைனா."

வால்நட்சத்திரம் பார்க்கிறவர்களின் குழுவுக்கு அவர் ஏற்கெனவே எழுதிக் கேட்டிருந்தார். பதில் வந்திருந்தது, மரியாதையாகத்தான். அது போன மாதமே சூரியனுக்குக் கிட்டே போய் உடைந்து தூளாகிவிட்டது, அந்த இடத்தில் இப்போது எதுவும் இல்லை, லென்ஸைத் துடைத்துப் பாருங்கள் சார். எத்திராஜுக்குக் கோபம் தலைக்கேறியது. துடைத்துத் துடைத்து லென்ஸே தேய்ந்துவிடும் போலிருந்தது.

கோபம் ஆறியபோதுதான் பயம் வந்தது. மூக்குக்கு முன்னால் விரலை நீட்டி ஒரு கண்ணை மூடி, பிறகு மறு கண்ணை மூடினால் விரல் இடம் மாறித் தாவும். தூரத்து மலை தாவாது. கோடிக்கணக்கான மைல் தள்ளி இருப்பது, நகரியிலிருந்து பார்த்தாலும் திருப்பதியிலிருந்து பார்த்தாலும் ஒரே நட்சத்திரத்தின் பக்கத்தில்தான் தெரிய வேண்டும். இது தாவியது. ஒவ்வொரு சாயங்காலமும் இன்னும் பெரிதாகத் தாவியது. அப்படியென்றால் இது அங்கே இல்லை. இங்கே இருக்கிறது.

சித்தூர் ஜில்லா மேப்பை விரித்தார். தான் பார்த்த திசைக்கு ஒரு கோடு, அவள் பார்த்த திசைக்கு ஒரு கோடு. இரண்டும் கார்வேட்டிநகரம் பக்கம் வெட்டிக்கொண்டன. சிரிப்பு வந்தது. அந்த ஊர் தலைமேல் இப்படி ஒன்று நின்றால் ஊரே போன் போட்டுக் கத்தியிருக்காதா? பிறகு புரிந்தது. தொலைநோக்கியின் முனையில் ஒரு கண்ணாடி உண்டு, அது இடது பக்கத்தை வலது பக்கமாகக் காட்டும். பார்த்ததை மாற்றித்தான் சொல்ல வேண்டும் என்பது அவர் அவளுக்குச் சொன்ன முதல் பாடம். பிள்ளை மறந்துவிட்டாள். அவரே இடதை வலதாக மாற்றிக் கோட்டை மறுபடி இழுத்தார். முந்தைய நாட்களின் கோடுகளையும் அப்படியே திருத்தினார்.

இப்போது அவை திருமலை அடிவாரத்தில் வெட்டின. நாளுக்கு நாள் நெருங்கி. அவளுடைய ஹாஸ்டலைப் பார்த்து.

"காலேஜும் வேணாம், ஒண்ணும் வேணாம். நாளைக்கு பஸ் புடிச்சி வூட்டுக்கு வந்துடு."

"இன்னாத்துக்கு நைனா?"

"வாம்மா. சொல்றேன்."

மறுநாள் சாயங்காலம் அவள் பஸ் ஏறிவிட்டதாகச் சொன்ன பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. பக்கத்துத் தறிக்கூடத்துக்காரர் தரணி கீழேயிருந்து குரல் கொடுத்தார்.

"சார், கார்வேட்டிநகரம் பஸ் ரெண்டு நாளா வர்ல, பாத்தீங்களா? அங்க இருக்கிற மச்சானுக்கு போன் போட்டா ரிங் போய்க்கினே கீது. எடுக்கவே மாட்டேன்றான்."

"டவர் பிராப்ளமா இருக்கும்" என்று சொல்லிவிட்டு எத்திராஜ் மாடி ஏறினார். பாதிப் படியில் கால் நின்றது. பிறகு மிச்சப் படிகளை ஓடி ஏறினார்.

இன்று பைனாகுலர் தேவைப்படவில்லை. வடமேற்கே, மலைகளுக்கு மேல், வெறும் கண்ணுக்கே தெரிந்தது. பால் வெள்ளை. அசையவில்லை. தொங்கும் வால் மலைக்குப் பின்னால் மறைந்திருந்தது. தறிகள் அடித்துக்கொண்டிருந்தன, பிறகு மேற்குத் தெருவில் மட்டும் நின்றன, பிறகு அடுத்த தெருவில். விளக்கெல்லாம் எரிந்துகொண்டுதான் இருந்தது. கரண்ட் போகவில்லை. ஆட்கள்தான் தறியை நிறுத்திவிட்டு எழுந்து போயிருந்தார்கள்.

போன் அடித்தது.

"நைனா, புத்தூர் தாண்டிக்கினு இருக்கோம். அது எதிர்ல கீது. நேரா ரோட்டு மேல."

"கண்ணு, ஒண்ணே ஒண்ணு சொல்லு. டெலஸ்கோப்ல பாத்து இடது பக்கம்னு சொன்னியே. நீ மாத்தாமதானே சொன்ன?"

"மாத்தித்தான் சொன்னேன். எப்பவும் மாத்தித்தான் சொல்றேன். நீதான சொல்லிக்குடுத்த?"

அவள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். அது திருப்பதிப் பக்கம் போகவே இல்லை. கார்வேட்டிநகரம். அப்புறம் புத்தூர் ரோடு. நடுவில். அவர்தான் அவளைக் கூப்பிட்டு அதன் அடியில் கொண்டுவந்து விட்டார்.

"காஞ்சனா, எறங்கு. பஸ்ஸ நிறுத்தச் சொல்லு. ஜன்னல மூடு, மேல பாக்காத. கேக்குதாமா?"

"எல்லாரும் பாக்கறாங்க நைனா." அவள் குரல் தூக்கத்தில் பேசுகிறவள் குரலாகியிருந்தது. "டிரைவர் கூட. குளிருது. எவ்ளோ அழகா கீது தெரியுமா?"

பிறகு மூச்சு. ஒருவர் மூச்சு இல்லை. பஸ் முழுக்க ஒரே நேரத்தில் உள்ளே இழுக்கும் மூச்சு.

போன் நின்றது.

அவர் ஓடினார். செருப்பு இல்லை. தெருவில் யாரும் இல்லை. தறிக்கூடங்களின் வாசல்கள் திறந்தே கிடந்தன. மெயின் ரோடு. புத்தூர்ப் பக்கம் ஒரே இருட்டு. வானத்தைப் பார்த்தார்.

அது அங்கே இல்லை.

எங்கேயும் இல்லை. சாதாரண நட்சத்திரங்கள். ஒருகணம், ஒரே ஒருகணம், எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தார்.

வெகுநேரம் கழித்துப் பஸ் வந்தது. ஹாரன் இல்லை. நடக்கிற வேகம். அவர் முன்னால் வந்து நின்று என்ஜின் அடங்கியது. ஜன்னல் கண்ணாடிகளில் உள்பக்கம் வெண்பனி பூத்திருந்தது. வெயிலில் வெந்து கிடக்கும் நகரியில், பனி.

கதவு திறந்திருந்தது. ஏறினார்.

டிரைவரின் கை ஸ்டீயரிங் மேல் இருந்தது. தலை பின்னால் சாய்ந்து, முகம் கூரையைப் பார்த்திருந்தது. வாய் திறந்திருந்தது. கண்டக்டரும் அப்படியே. வரிசை வரிசையாக எல்லாரும் அப்படியே. மடியில் குழந்தை, அதுவும். திறந்த ஒவ்வொரு வாய்க்குள்ளும், தொண்டையின் அடியில், சின்னதாக ஒரு வெள்ளை வெளிச்சம்.

ஐந்தாவது வரிசையில் காஞ்சனா. தோளைப் பிடித்து உலுக்கினார். அசையவில்லை. கையைப் பிடித்து இழுத்தார். கல்லைப் போல் கனத்தாள். விரல்கள் ஐஸ். பக்கத்து சீட்டில் தன் துப்பட்டாவை விரித்துப் போட்டிருந்தாள், யாருக்கோ இடம் பிடித்து வைத்ததைப் போல.

இறங்கி ஓடியிருக்கலாம். கதவு திறந்துதான் இருந்தது. பெற்ற மகளை விட்டுவிட்டு இறங்க அவரால் முடியவில்லை.

துப்பட்டாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவள் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்து ஊதி ஊதிச் சூடாக்கப் பார்த்தார். பின்னாலிருந்து கதவு மூடும் சத்தம் கேட்டது. அவருடைய தலை மெல்லப் பின்னால் சாய்ந்தது.

அவர் சாய்க்கவில்லை.