ஒன்பதா, நாற்பதா?

காலை 8.40. அல் கூஸ். துப்பாக்கி சுடும் கிளப்பின் மூன்றாவது லேன்.

கார்மேகத்தை ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் இப்போதுதான் கிளம்பியிருந்தது. தரையில் ரத்தம்கூடக் காயவில்லை. அதற்குள் மேனேஜர் உமாபதி ஒரு தாளையும் பேனாவையும் மெஹர்பானுவின் முன்னால் நீட்டிவிட்டார்.

"கையெழுத்துப் போடும்மா. கை தவறி வெடிச்சிருச்சுன்னு எழுதியிருக்கேன். ஆக்சிடென்ட்னா கேஸ் சின்னதாப் போயிடும்."

"நான் சுடல சார்."

"கீழ கிடக்கிற காலித் தோட்டா நைன் எம்.எம். நைன் பிஸ்டல் உன் லாக்கர்ல இருக்கு. சாவியும் உங்கிட்ட."

"இருக்கட்டும். சுடாத குண்டுக்கு நான் ஏன் தலை கொடுக்கணும்? அந்தத் தாளை உங்க பாக்கெட்லயே வச்சுக்குங்க!"

மெஹர்பானு காயல்பட்டினத்துக்காரி; கிளப்பின் தலைமைப் பயிற்சியாளர். குரலில் குறைவில்லை, ஆனால் உள்ளுக்குள் கணக்கு ஓடியது. கைது என்றால் லைசென்ஸ் போச்சு, வேலை போச்சு, விசா போச்சு. பள்ளிக்கூடம் போயிருக்கும் மகள் ஹிஃப்ஸாவோடு ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். அதைவிட, துப்புரவு வேலை பார்க்கும் அந்த நல்ல மனிதரைச் சுட்ட பழி! ஸ்ட்ரெச்சரில் கிடந்தபடி அவர் இவள் கையைப் பிடித்துச் சொன்னதும் காதிலேயே நின்றது. "யாருமே சத்தம் குடுக்கல தங்கச்சி. குடுத்திருந்தா குனிஞ்சிருப்பேனா?"

சனியன் எங்கிருந்து தொடங்கியது என்றால், இரண்டு கைத்துப்பாக்கிகளிலிருந்து. வாடிக்கையாளர்களுக்காகச் சின்ன அளவுப் பிஸ்டல்கள் வாங்க முதலாளி முடிவு செய்து, மாதிரிக்கு இரண்டு வந்திருந்தன. ஒரே கம்பெனி, ஒரே உடம்பு, பக்கத்தில் வைத்தால் இரட்டைப் பிள்ளைகள். குண்டின் அளவு மட்டும் வேறு. ஒன்று ஒன்பது மில்லிமீட்டர். மற்றது நாற்பது. நாற்பது என்றதும் மிரள வேண்டாம். அது அங்குலக் கணக்கு, பாயிண்ட் நாற்பது. சுமார் பத்து மில்லிமீட்டர். ஆக வித்தியாசம் ஒரே ஒரு மில்லிமீட்டர்தான். எதை வாங்குவது என்று ஒரு வாரமாக அத்தனை சண்டை.

"சின்னத் துப்பாக்கியில ஃபார்ட்டி போட்டா மணிக்கட்டை உதறிடும். ரெண்டாவது குண்டு கூரைக்குப் போகும். புதுசா வர்றவங்களுக்கு நைன்தான்" என்றாள் மெஹர்பானு.

"பெரிய குண்டுன்னாதான் கஸ்டமருக்குக் கெத்து" என்றார் உமாபதி. இளம் பயிற்சியாளர் ரோஹித்தும் ஃபார்ட்டி கட்சி. இன்று பத்து மணிக்கு முதலாளி வந்து பார்த்து முடிவு சொல்வதாக ஏற்பாடு. அதற்காக நேற்றே இரண்டு ரகத் தோட்டாக்களையும் இரண்டு தட்டுகளில் மேஜைமேல் பரப்பியாயிற்று.

8.55. போலீஸ் கேப்டன் உஸைர் வந்தார். தாள் நைசாக உமாபதியின் சட்டைப் பைக்குள் போனது. கேப்டன் எமிராத்தி, அந்த நாட்டுக்காரர்; அதிகம் பேசாதவர். இந்தியில் கேட்டார், இந்தியிலேயே பதில் வாங்கினார்.

"சுட்ட நேரத்தில் எங்கே இருந்தீர்கள்?"

"வகுப்பறையில். தனியாக" என்றாள் மெஹர்பானு.

"நீங்கள்?"

"பேன்ட்ரியில். டீ போட்டுக்கொண்டிருந்தேன்." இது ரோஹித்.

"என் ரூமில்" என்றார் உமாபதி.

"சத்தம் கேட்டதா?"

மூவரும் இல்லையென்று தலையாட்டினார்கள். சுவர்கள் அப்படி, ஒரு முனகல்கூட வெளியே வராது. கேமராக்களைக் கழற்றிப் புதுசு மாட்டும் வேலை பாதியில் நின்றிருந்தது.

"லாக்கர் சாவிகள்?"

"நைனுக்கு நான், ஃபார்ட்டிக்கு ரோஹித். மேனேஜரிடம் இரண்டுக்கும் மாற்றுச் சாவி."

"காலித் தோட்டா நேற்றையதாக இருக்கலாமே?"

"இருக்காது. கார்மேகம் முதலில் இந்தத் தரையைப் பெருக்கி அள்ளிவிட்டுத்தான் டார்கெட்டுக்குப் பின்னால் பெருக்கப் போவார்" என்றாள் மெஹர்பானு.

கேப்டன் கையுறை மாட்டி அந்தத் தோட்டாவை எடுத்து அடிப்பக்கம் பார்த்தார். ஒன்பது என்று பொறித்திருந்தது. பிளாஸ்டிக் பையில் போட்டார். அதன் ஓரத்தில் மெல்லிய கீறல் இருந்தது.

"ஸ்ட்ரெச்சர் சக்கரம் ஏறியிருக்கும்" என்று உமாபதி முந்திக்கொண்டு சொன்னார்.

மெஹர்பானு பையையே பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, தொங்கிக்கொண்டிருந்த காகித டார்கெட்டைப் பார்த்தாள். அதில் ஒரே ஓட்டை. வட்டமாக இல்லை, சாவித் துவாரம் போல நீளமாகக் கிழிந்திருந்தது.

"மேடம், வண்டியில் ஏறுங்கள். மற்றதை லேப் சொல்லும்" என்றார் கேப்டன்.

"ஏற மாட்டேன்!"

ரோஹித் குறுக்கே வந்தான். "அக்கா, ப்ளீஸ்..."

"நீ சும்மா இரு. கேப்டன், லேப் சொல்வதற்குள் என் பிழைப்பு போய்விடும். இரண்டு பிஸ்டல்களின் குழலையும் கழற்றுங்கள். இந்தக் காலித் தோட்டாவை முதலில் என் நைனில் போட்டுப் பாருங்கள். உள்ளே போனால் நானே விலங்குக்குக் கை நீட்டுகிறேன்."

கேப்டன் அவளை ஒரு கணம் அளந்தார். பிறகு தன் கையாலேயே கழற்றினார். ஒன்பதின் குழலில் தோட்டாவை வைத்தார். வாயிலேயே மாட்டிக்கொண்டு நின்றது. அழுத்தினார், போகவில்லை. நாற்பதின் குழலில் வைத்தார். 'டக்' என்று உள்ளே இறங்கி உட்கார்ந்தது.

"சக்கரம் ஏறினால் நசுங்கும். இது ஊதியிருக்கிறது" என்றாள் மெஹர்பானு. "ஒன்பது தோட்டாவை நாற்பதில் போட்டுச் சுட்டால், அகலமான இடத்தில் வயிறு வீங்கிக் கீறிவிடும். குண்டும் குழலைப் பிடிக்காமல், சுழலாமல் தாறுமாறாகப் போகும். அந்த ஓட்டை நீளமாக இருப்பது அதனால்தான். சுட்டது நாற்பது. மேஜையில் பக்கத்துத் தட்டிலிருந்து தோட்டாவை மாற்றி எடுத்திருக்கிறார்கள்."

எல்லார் கண்ணும் ரோஹித் மேல் திரும்பின. அவன் ஒரு அடி பின்வாங்கினான்.

"அவன் இல்லை" என்றாள். "வீங்கின தோட்டாவை இவன் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்திருப்பான். என் தலையில் கட்ட நினைத்திருந்தாலும் இதை இங்கே விட்டுவைத்திருக்க மாட்டான். இன்னொன்று. கார்மேகம் அண்ணன் சொன்னார், யாருமே சத்தம் கொடுக்கவில்லை என்று. சுடுவதற்கு முன்னால் 'ரேஞ்ச் ஹாட்' என்று கத்துவது எங்களுக்கு மூச்சு விடுகிற மாதிரி. காலி அறையிலும் கத்துவோம். நானும் இவனும் வாயை மூடிக்கொண்டு சுட்டதே கிடையாது. சாவி இருக்கிற மூன்றாவது ஆள், தோட்டாவின் நம்பரைப் படிக்கத் தெரிந்தவர், தோட்டாவைப் படிக்கத் தெரியாதவர்..."

அவள் உமாபதியின் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாள். "சக்கரக் கதையை எதுக்கு சார் முந்திக்கிட்டுச் சொன்னீங்க?"

உமாபதி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "முதலாளி முன்னாடி நானே சுட்டுக் காட்டலாம்னு... ஒரே ஒரு தடவை பழகிப் பார்ப்போம்னுதான் எடுத்தேன். கார்மேகம் டார்கெட்டுக்குப் பின்னாடி இருக்கிறது சத்தியமாத் தெரியாது. கீழ நைன்னு பார்த்ததும் புத்தி கெட்டுப்போச்சும்மா."

"தெரியாம சுட்டீங்க, சரி. தெரிஞ்சுதானே எம் பேரை எழுதினீங்க? ரத்தம் ஓடுறப்ப உட்கார்ந்து எழுதியிருக்கீங்களே, மனுஷனா நீங்க!"

அவர் சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளைத் தானே உருவிக் கேப்டனிடம் கொடுத்து, அவர் சொன்னதை இந்தியில் சொன்னாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. குண்டு தொடைச் சதையோடு நின்றுவிட்டது, எலும்புக்கு ஒன்றுமில்லை, கார்மேகம் டீ கேட்கிறாராம். தாறுமாறாகப் போன குண்டுக்கு வேகம் இல்லாததுதான் அவரைக் காப்பாற்றியது. மெஹர்பானு சுவரைப் பிடித்துக்கொண்டு அப்போதுதான் அழுதாள்.

பத்து மணிக்கு முதலாளி வந்தபோது கேப்டன் அவளுடைய வாக்குமூலத்தை நீட்டிக்கொண்டிருந்தார். அவள் வரி வரியாகப் படித்தாள். ஒரு இடத்தில் அவள் பெயர் தப்பாக இருந்தது, திருத்தச் சொன்னாள். திருத்திய பிறகு பேனாவை வாங்கினாள்.

"இதுல போடுறேன்" என்று ரோஹித்திடம் சொல்லிவிட்டு, அழுத்தமாகக் கையெழுத்துப் போட்டாள்.