நாலு மாத மிச்சம்

“கஞ்சி வைச்சபடி கிடக்கு அக்கா, ஐயா வாயே—”

“வாய் திறந்தவர். காலமை நான்தானே பருக்கினனான்—”

“பருக்கினது கடைவாயால வழிஞ்சு தலையணியில காயுது. கை கால் விறைச்சு—”

“ஏசிக் குளிர் அது. சும்மா கத்தாதையும் கிளடிஸ்.”

மே மாதம். வெளியே சனம் இன்னும் ஜாக்கெட்டோடுதான் திரிகிறது. ஸ்காபரோவில் வேறு எந்த வீட்டிலும் ஏசி ஓடியிருக்காது. இந்த வீட்டில் மட்டும் நேற்று இரவு தொடக்கம் அது உறுமிக்கொண்டிருந்தது. போட்டது ஐயாவின் மகள் துர்க்கா. ஏன் போட்டாள் என்று ஐயாவைப் பராமரிக்க வந்த கிளடிஸ் கேட்கவில்லை. விடியற்காலையில் சண்முகநாதன் ஐயாவைப் புரட்டிவிடப் போனபோது அவளுக்கே விளங்கிவிட்டது. கை தானாக வெள்ளைத் துணி கிழித்து அவருடைய தாடையைக் கட்டியது. துர்க்கா வந்து பார்த்தாள். கத்தரிக்கோலை எடுத்து வெட்டினாள்.

“உப்பிடிக் கட்டினால் அப்பா என்னெண்டு சாப்பிடுறது?”

ஊரில் போர் முடிந்தது என்று டிவி சொல்லி ஐந்து நாள். துர்க்காவின் ஒரே தம்பி ராகுலன் கடைசியாகப் பேசியது முள்ளிவாய்க்காலில் இருந்து, சித்திரையில்.

“தம்பி வந்து கொள்ளி வைக்க வேணும்,” என்றாள் துர்க்கா, கதவு நிலையைப் பிடித்தபடி. “அவன் வராமல் அப்பா எங்கையும் போகமாட்டார்.”

“அக்கா, நான் அம்புலன்ஸுக்கு அடிக்கிறன்.”

“அடியும். ஆர் மறிச்சது? வந்து தூக்கிக்கொண்டு போவாங்கள். பிறகு நீர் இஞ்சை ஆரைப் பாக்கிறது? உம்மட வேலைப் பெர்மிட்டில என்ர பேரெல்லே கிடக்கு. இந்த வீட்டை விட்டால் இன்னொரு வீட்டில ஒரு கோப்பை கழுவ விடுவாங்களே உம்மை?”

கிளடிஸுக்குத் தெரியாத கணக்கா? மூன்று வருடத்துக்குள் இருபத்துநாலு மாதம் வீட்டோடு தங்கி வேலை செய்து காட்ட வேண்டும். காட்டினால் இந்த நாட்டில் நிரந்தர வதிவிடம். வதிவிடம் கிடைத்தால் மகளைக் கூப்பிடலாம். அவள் வந்த நாலாம் மாதமே முதல் வீட்டுக் கிழவி கண்ணை மூட, புதுப் பெர்மிட் வரும்வரை ஒரு வருடம் வேலை செய்யவும் முடியாமல் திரும்பவும் முடியாமல் பார்க்டேலில் ஒரு நிலவறையில் கிடந்தாள். இனிச் செய்ய வேண்டியது நாலு மாதம். அந்த மூன்று வருடத் தவணையில் மிச்சம் இருப்பதும் நாலே மாதம். மகள் அனுபமா வவுனியாவில் அகதி முகாமின் முட்கம்பிக்குள்ளே இருக்கிறாள். பதின்மூன்று வயது.

போனை எடுத்த கை போனை வைத்தது.

“அதுதானே,” என்றாள் துர்க்கா. குரல் கனிந்தது, அதுதான் கூடப் பயமாக இருந்தது. “கஞ்சியை மெல்ல மெல்லப் பருக்கும். நான் மேல போய்த் தம்பியின்ர போன் வந்ததோ எண்டு பாக்கிறன்.”

படிகள் கிறீச்சிட்டு ஓய்ந்தன. தெருவில் ஒரு குரல் இல்லை. சனமெல்லாம் ஆர்ப்பாட்டத்துக்குக் கொடியோடு டவுன்டவுனுக்குப் போய்விட்டது. டெட்டோல் மணமும் துர்க்கா கொளுத்திவிட்ட சாம்பிராணியும், அவற்றுக்கு அடியில் இனிப்பாக, பூச்சாடித் தண்ணீர் பழுதானது போல மூன்றாவதாக ஒரு மணமும் அறைக்குள் சுற்றிச் சுற்றி வந்தன. திரைச்சீலைக்குள்ளால் விழுந்த பத்து மணி வெயில் ஐயாவின் நெற்றி வரை ஏறி, அங்கே சூடு பிடிக்காமல் நின்றது. கிளடிஸ் ஜெபமாலையை விரலில் சுற்றிக்கொண்டாள். கஞ்சியைக் கழிவறையில் ஊற்றிவிட்டு வெறுங்கோப்பையைக் காட்டலாம். இன்றைக்கு அது போதும். நாளைக்கு? நாலு மாதத்துக்கு?

கோப்பையோடு திரும்பினாள்.

பின்னால் ஒரு சத்தம்.

விழுங்கும் சத்தம்.

ஏசியாக இருக்கும். குழாயாக இருக்கும். மாதாவே, குழாயாக இருக்கட்டும்.

திரும்பிப் பார்த்தாள். ஐயாவின் கண் மூடியபடி. மார்பு அசையவில்லை. ஆனால் வாய் திறந்திருந்தது. அகலமாக. காத்துக்கொண்டு.

“ஐயா?”

ஓடலாம். கதவு திறந்துதான் கிடந்தது. வாசலும் திறந்துதான் இருக்கும். ஆனால் எங்கே ஓடுவது?

கால் கட்டிலுக்குத்தான் போனது. கரண்டியில் அள்ளினாள். நீட்டினாள். நாக்கு குளிர்ந்து கறுத்திருந்தது. தொண்டை ஏறி இறங்கியது.

இன்னொரு கரண்டி.

இன்னொன்று.

பல் கரண்டியைக் கவ்வியது. இழுத்தாள். வரவில்லை. போர்வைக்குள் இருந்து ஒரு கை வந்தது. இடக் கை. பாரிசவாதத்தில் இரண்டு வருடமாக விழுந்து கிடந்த கை. அவளுடைய மணிக்கட்டைச் சுற்றி விரல்கள் ஒவ்வொன்றாக மூடின.

கரண்டி விழுந்தது. இரண்டு வருடமாகப் பேசாத வாய், மூச்சே இல்லாமல், சலிப்போடு கேட்டது:

“இன்னும் எத்தினை மாசம், பிள்ளை?”