சந்திரலேகா வருவாளா?

"ஒண்ணு விடாம பாத்து வையி. நான் வந்ததும் சொல்லணும்" என்றான் ஆகாஷ் அண்ணன், ஒரு காலைச் சைக்கிள் பெடலில் வைத்தபடி.

"நீ வர்றதுக்குள்ள தூங்கிருவேன்."

"தூங்குனா மூக்கைப் பிடிச்சு எழுப்புவேன்."

தூறல் போட ஆரம்பித்திருந்தது. அண்ணன் கணக்கு நோட்டை ஒரு பாலித்தீன் பைக்குள் போட்டு முடிச்சுப் போட்டான். தலையில் எதுவும் போட்டுக்கொள்ளவில்லை.

"தலை நனையுது பாரு" என்றேன்.

"தலை காஞ்சிரும். நோட்டு நனைஞ்சா சாரு என்னைக் காயப் போட்டுருவாரு" என்று சொல்லிவிட்டு டியூஷனுக்குப் போனான்.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. அண்ணன் பத்தாம் வகுப்பு. எங்கள் வீடு காரைக்குடியில், பக்கத்து வீட்டோடு ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்ட சின்ன வீடு. அப்பா வீரபாண்டியன் பஸ் கண்டக்டர். அம்மா ஒரு பலகாரக் கடைக்காக வீட்டிலேயே தேன்குழலும் சீடையும் சுட்டுக் கொடுப்பார்.

அண்ணன் கேட்டது ஒரு டிவி தொடரைப் பற்றி. அதன் பெயர் 'எட்டாவது பீரியட்'. தினமும் மாலை ஏழரை மணிக்கு வரும். பத்தாம் வகுப்பு 'பி' பிரிவில் படிக்கும் பிள்ளைகளின் கதை.

அதை உங்களில் யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள். அப்போதே என் வகுப்பில் யாரும் பார்க்கவில்லை. ஆனால் எனக்கு அதைவிட நல்ல தொடர் இன்றுவரை கிடைக்கவில்லை.

அதில் வரும் பிள்ளைகள் நிஜமான பிள்ளைகள் மாதிரி இருப்பார்கள். சட்டைப் பையில் மை கசிந்திருக்கும். ஒரு பையனுக்குக் கால்சட்டை நீளம் பத்தாது. கரும்பலகையின் ஒரு மூலை பெயர்ந்திருக்கும், அந்த மூலையில் மட்டும் யாரும் எழுத மாட்டார்கள். வாரத்துக்கு ஒரே ஒரு விளையாட்டுப் பீரியட். அதையும் கணக்கு சார் வாங்கிக்கொள்வார். விளையாட்டு சார் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வகுப்பு வாசலில் நின்று பரிதாபமாகப் பார்ப்பார்.

"இந்த சாரு ஒரு நாளாவது விசில் அடிச்சுருவாரா?" என்று அண்ணன் கவலைப்படுவான்.

அண்ணனுக்கு டியூஷன் முடிந்து வர எட்டரை ஆகிவிடும். அதனால் தொடரைப் பார்ப்பது என் வேலை. அவன் சாப்பிடும்போது அதை நடித்துக் காட்டுவதும் என் வேலை. சீப்புதான் கணக்கு சாரின் பிரம்பு. அம்மாவின் துண்டு சந்திரலேகாவின் தாவணி.

சந்திரலேகாதான் அந்த வகுப்பின் லீடர். நன்றாகப் படிப்பாள், நன்றாகச் சண்டையும் போடுவாள். திடீரென்று ஒருநாள் அவள் பள்ளிக்கூடம் வரவில்லை. அவளுடைய அப்பா அவளைத் துணிக்கடை வேலைக்கு அனுப்பிவிட்டார். மூன்றாவது பெஞ்சில் அவள் இடம் காலியாகவே இருந்தது. எத்தனை நெருக்கியடித்து உட்கார்ந்தாலும் அந்த இடத்தில் மட்டும் யாரும் உட்காரவில்லை.

"அவ திரும்பி வருவா" என்றான் அண்ணன்.

"வரவே மாட்டா. அவுக அப்பா மீசையைப் பாத்தியா?" என்றேன்.

"நான் எங்குட்டுப் பாத்தேன்? நீதான் மீசை மாதிரி நடிச்ச."

"பந்தயமா?"

"பந்தயம். தோத்தவுக செயிச்சவுக தட்டைக் கழுவணும். ஒரு வாரம்."

"உன் தட்டை நீயே நக்கி வச்சிருவ. கழுவ என்ன இருக்கு?" என்றேன். அண்ணன் புரையேறும் அளவுக்குச் சிரித்தான்.

அம்மா அடுப்படியிலிருந்து, "சாப்பிடயில என்ன சிரிப்பு? அந்தக் கருமத்தை விட்டா வேற கதையே இல்லையா?" என்று கத்தினார். அம்மாவுக்கு அந்தத் தொடர் பிடிக்காது என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அண்ணன் தூறலில் நனைந்துகொண்டு டியூஷனுக்குப் போன அன்று ஏழரை மணிக்குத் தொடரைப் பார்த்தேன். மொத்த வகுப்பும் சீருடையோடு சந்திரலேகாவின் வீட்டுக்குப் போனது. நல்ல மழை. கதவு சாத்தியிருந்தது. கோட்டைச்சாமி என்கிற பையன் தட்டுவதற்காகக் கையைத் தூக்கினான். கை கதவைத் தொடவில்லை. 'தொடரும்' என்று போட்டுவிட்டார்கள்.

எனக்குக் கையும் காலும் ஒரு இடத்தில் நிற்கவில்லை. துண்டை எடுத்து வைத்தேன். சீப்பை எடுத்து வைத்தேன். அம்மா அண்ணனுக்குத் தட்டில் தோசையும் சட்னியும் வைத்து இன்னொரு தட்டால் மூடினார்.

எட்டரை ஆயிற்று. ஒன்பதும் ஆயிற்று.

தேவகோட்டை ரஸ்தாப் பக்கம் மழையில் வந்த ஒரு வேன் அண்ணனின் சைக்கிளை இடித்துவிட்டது. மறுநாள் அவனை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கணக்கு நோட்டு கொஞ்சம்கூட நனையவில்லை.

கதை சொல்ல நான் தூங்காமல்தான் இருந்தேன்.

*

எங்கள் பக்கம் சாவு விழுந்த கேத வீட்டில் டிவி போட மாட்டார்கள். கருமாதி முடிகிறவரை கூடாது. அப்பாவின் அக்கா வீரலட்சுமி அயித்தை, ஒரு பழைய வேட்டியை எடுத்து டிவியின் தலையோடு போர்த்திவிட்டார்.

எங்கள் வீட்டில் மட்டும் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த சத்தியப்பிரியா வீட்டிலும் டிவியை நிறுத்திவிட்டார்கள். எங்களுக்குத் துக்கம் என்றால் அவர்களுக்கும் துக்கம். அது அவர்கள் காட்டிய மரியாதை. எனக்கு அது தெரியும். ஆனாலும் ஏழரை மணிக்குச் சுவரில் காதை வைத்துப் பார்ப்பேன். ஒரு சத்தமும் கேட்காது.

அம்மா பேசுவதை நிறுத்திவிட்டார். அடுப்படி நிலைப்படியில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். எண்ணெய்ச் சட்டி கவிழ்ந்தே கிடந்தது. யார் சோறு கொடுத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அப்பா மடியில் தட்டை வைத்துக் கெஞ்சுவார். அப்புறம் அப்பாவும் சாப்பிடாமல் எழுந்துவிடுவார்.

அன்று அண்ணனுக்கு மூடி வைத்த தட்டு அப்படியே இருந்தது. தோசையை மட்டும் அயித்தை எடுத்துப் போட்டார். தட்டைக் கழுவப் போனபோது அம்மா அதைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு அலமாரியில் வைத்தார். சட்னி காய்ந்து கறுத்துப் போனது. எறும்பு வரிசை வந்தது. எறும்பு ஏறியும் அந்தத் தட்டைத் தொட யாருக்கும் தைரியம் இல்லை.

எனக்குப் பயமாக இருந்தது. அண்ணன் போய்விட்டான். அம்மா உட்கார்ந்த இடத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தார். அம்மாவும் போய்விட்டால்?

ஒருநாள் மாலை ஏழரை மணி. என்ன செய்வதென்றே தெரியவில்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டேன். சீப்பைக் கையில் பிடித்தேன். வேட்டி போர்த்திய டிவிக்கு முன்னால் நின்று கதை சொல்ல ஆரம்பித்தேன்.

"பத்தாம் வகுப்பு பி பிரிவு. கணக்கு சார் வாராரு. எல்லாரும் எந்திரிக்கிறாக..."

அயித்தை ஓடி வந்தார். "ஏட்டி, அறிவிருக்கா? கேத வீட்டுல என்ன கூத்து இது? தெருவே பாக்குது!"

நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் அழுதுவிடுவேன் போலிருந்தது.

"மூணாவது பெஞ்சுல சந்திரலேகா இடம் காலியா இருக்கு. சாரு கேக்குறாரு, 'அங்க ஏன்டா யாரும் உக்காரல?' கோட்டைச்சாமி எந்திரிச்சு, 'அது அவ இடம் சார்'னு சொல்றான்..."

அயித்தை என் கையைப் பிடித்து இழுத்தார்.

"விடுங்க மதினி" என்று ஒரு குரல் கேட்டது.

அம்மாவின் குரல். பல நாள் பேசாததால் கரகரவென்று இருந்தது. அயித்தை என் கையை விட்டுவிட்டார்.

"அவன் அப்பிடிச் சொல்லல" என்றார் அம்மா. "'அவளுக்குத்தான் இடம் வச்சிருக்கோம் சார்'னு சொன்னான். சரியாச் சொல்லு."

"உனக்கு எப்பிடிம்மா தெரியும்? நீதான் பாக்கவே மாட்டியே?"

"பாக்கல. கேட்டேன்." அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "டிவியில ஒருக்கா. அவனுக்கு நீ சொல்லயில ஒருக்கா. அவன் சிரிக்கிறது காதுல விழணும்னு அடுப்பைக் குறைச்சு வச்சிட்டு நிப்பேன்."

அயித்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா கேட்டார். "அந்தப் புள்ள எப்பிடி இருக்கும்?"

"யாரும்மா?"

"சந்திரலேகா. கொரலு மட்டுந்தான் தெரியும்."

"ஒல்லியா, கறுப்பா இருப்பா. ஒரு பக்கச் சடை எப்பவும் அவுந்தே இருக்கும்."

"நான் குண்டுப் புள்ளைனு நினைச்சேன்" என்றார் அம்மா. "மேல சொல்லு."

அன்று மழையில் கோட்டைச்சாமி கையைத் தூக்கியதுவரை சொன்னேன். அண்ணன் கேட்காமல் போன பகுதி அது. அம்மா கேட்டார். சாப்பிடத்தான் இல்லை.

*

கருமாதி முடிந்த மறுநாள் அப்பா டிவி மேலிருந்த வேட்டியை எடுத்தார். ஏழரை மணிக்கு அம்மா தானாகவே எழுந்து வந்து டிவிக்கு முன்னால் உட்கார்ந்தார். அந்தத் தொடருக்காக அம்மா அடுப்படியை விட்டு வந்தது அதுதான் முதல் தடவை. சந்திரலேகாவைப் பார்க்க வந்தார்.

தொடர் ஆரம்பிக்கும்போது அடிக்கும் பள்ளிக்கூட மணி அடிக்கவில்லை. ஒரு அம்மா சிரித்துக்கொண்டே வந்து, பனீர் பட்டாணி செய்வது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார்.

"சேனல் மாறிருச்சா?" என்றார் அப்பா.

மாறவில்லை. நான் எல்லாச் சேனலையும் தேடினேன். மறுநாளும் பனீர்தான் வந்தது. திரையின் அடியில் ஓடிய எண்ணுக்கு அப்பா போன் போட்டார்.

"எட்டாவது பீரியட் எப்ப வரும்ங்க?" என்று பணிவாகக் கேட்டார்.

"சார், மூணு லிட்டர் குக்கர் வேணுமா, அஞ்சு லிட்டரா?" என்றது போன்.

வேறு எப்போதாவது என்றால் அண்ணனும் நானும் தரையில் உருண்டு சிரித்திருப்போம். அப்பா போனைக் கீழே வைத்துவிட்டு, "நிறுத்திட்டாக போல, ஆத்தா" என்றார்.

அப்போதுதான் நான் சத்தம் போட்டு அழுதேன். அண்ணனைக் கொண்டுவந்த அன்றுகூட அப்படி அழவில்லை. "மிச்சக் கதையை நான் எப்பிடிச் சொல்லுவேன்? அண்ணே கேட்டுச்சே, ஒண்ணு விடாம பாக்கச் சொல்லுச்சே!"

அம்மா என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார். 'அழாதே' என்று சொல்லவில்லை. அவரும் அழுதார். பனீர் சமைத்த அம்மா போய் விளம்பரம் வந்தது. யாரும் டிவியை அணைக்கவில்லை.

வெகுநேரம் கழித்து அம்மா கேட்டார்: "வருவாளா, மாட்டாளா? நீங்க ரெண்டு பேரும் என்னமோ பந்தயம் கட்டுனீகளே?"

"அண்ணே வருவான்னு சொல்லுச்சு. நான் மாட்டான்னு சொன்னேன்."

"இப்ப என்ன சொல்ற?"

நான் யோசித்தேன். தொடரே நின்றுவிட்டதால் நான் தோற்கவில்லை என்று சொல்லலாம். ஆனால் அத்தனை பேர் மழையில் நின்றார்கள். அவளுக்கு இடம் வைத்திருந்தார்கள். அப்படி வந்து கூப்பிட்டால் யாரால் வராமல் இருக்க முடியும்?

அண்ணனைக் கூப்பிட எங்களாலும் மழையில் போய் நிற்க முடியும்தான். ஆனால் எந்தக் கதவைத் தட்டுவது?

"வருவாம்மா" என்றேன். "அண்ணே செயிச்சுருச்சு."

"அப்ப நீ தோத்துட்ட."

"ஆமா. தோத்தவுக தட்டைக் கழுவணும்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று புரிந்தது. அலமாரியைப் பார்த்தேன். அம்மாவும் பார்த்தார்.

அம்மா எழுந்து போய்த் தட்டை எடுத்தார். விளிம்பைப் பெருவிரலால் ஒருமுறை தடவினார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"எறும்பைக் கொல்லாம தட்டிவிட்டுக் கழுவு."

எறும்புகளைக் கொல்லைச் சுவரில் தட்டிவிட்டேன். காய்ந்த சட்னி லேசில் போகவில்லை. தண்ணீரில் ஊறவைத்து, தேங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். தட்டு பளபளவென்று ஆனதும் எனக்கு மறுபடி அழுகை வந்தது. அண்ணன் கடைசியாகச் சாப்பிடாமல் போன சாப்பாட்டின் தடம் இனி எங்கேயும் இல்லை.

அந்த ஈரத் தட்டில் அப்பா கொஞ்சம் ரசம் சோறு போட்டு அம்மாவுக்கு முன்னால் வைத்தார். அம்மா நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு வாய் சாப்பிட்டார். இன்னொரு வாயை உருட்டி எனக்குக் கொடுத்தார்.

*

இப்போது நான் வீட்டிலிருந்தே தினமும் பஸ்ஸில் போய்த் தேவகோட்டையில் கல்லூரியில் படிக்கிறேன். போன வருடம் 'எட்டாவது பீரியட்' பற்றி இணையத்தில் தேடினேன். யாரோ ஒருவர் நான்கு வரி எழுதியிருந்தார். பார்க்க ஆள் இல்லாததால் தொடரைப் பாதியில் நிறுத்திவிட்டார்களாம். கோட்டைச்சாமி கையைத் தூக்கியதுதான் கடைசிக் காட்சியாம். அதற்குப் பிறகு எதையும் அவர்கள் எடுக்கவே இல்லை.

நான் எதையும் பார்க்காமல் விடவில்லை. அண்ணன் சொன்னபடி ஒண்ணு விடாமல்தான் பார்த்திருக்கிறேன்.

அம்மாவிடம் இதைச் சொன்னேன். அம்மா எண்ணெயில் தேன்குழலைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"அவுக எடுக்காட்டி என்ன? அவ வந்துட்டா" என்றார். பிறகு அடுப்பைக் குறைத்துவிட்டு, கொஞ்ச நேரம் சும்மா நின்றார்.

பந்தயம் ஒரு வாரத்துக்குத்தான். அந்தத் தட்டை இன்றும் நான்தான் கழுவுகிறேன்.