நீல வால்

கூண்டின் கதவு விழுந்திருந்தது. வாழைப்பழம் காலி. உள்ளே ஒன்றும் இல்லை.

வெல்டர் குனிந்து இரண்டு முறை பார்த்தார். கதவு விழுந்தால் வெளிப்பக்கக் கொக்கி தானாக மாட்டிக்கொள்ளும், விரலால் தூக்கினால்தான் திறக்கும். அவரே கம்பி வெட்டி, அவரே பற்றவைத்த கூண்டு. ஊரில் பாதி வீட்டுக்கு கேட்டும் கிரில்லும் செய்து கொடுத்த கை அது. கொக்கி மாட்டினபடிதான் இருந்தது. பழத்தைத் தின்று, கதவைத் திறந்து வெளியே வந்து, போகும்போது கொக்கியையும் மாட்டிவிட்டுப் போகிற பிராணியை அவர் கேள்விப்பட்டதே இல்லை.

கம்பியைத் தொட்டார். விரலில் நீலமாக ஒட்டியது. ஈரம் காயவில்லை.

அவர் வழக்கம் அது. பிடிக்கிற ஒவ்வொரு மரநாயின் வாலிலும் கேட்டுக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயிண்டை ஒரு இழுப்பு இழுத்துவிடுவார். கொண்டுபோய் விட்டதே திரும்பி வந்ததா, இல்லை வேறு ஒன்றா என்று தெரிய வேண்டாமா? மனிதர்களையே நம்பாதவர், மரநாயை நம்புவாரா. இதுவரை பதினாலு. கல்குவாரி தாண்டி இருபது கிலோமீட்டர், இடுப்பு உயரம் புல் வளர்ந்த தரிசு. பதினாலையும் அங்கேதான் விட்டார். ஒன்றுகூடத் திரும்பியதில்லை. பதினாலாவதை விட்டே மூன்று வாரம் ஆகிறது. அந்தப் பெயிண்ட் காய்ந்து உரிந்திருக்க வேண்டும்.

அவரும் சும்மா பிடிக்கவில்லை. பப்பாளி ஒன்று பழுக்கவிடாது. சீலிங்குக்கு மேலே ஓட்டமும் உருட்டலும். மகள் கைக்குழந்தையோடு வந்து சேர்ந்ததிலிருந்து அந்தச் சத்தம் கேட்டாலே எழுந்து டார்ச் அடித்துப் பார்ப்பார். மகளுக்கு மருந்துக் கம்பெனியில் இரவு ஷிப்ட். பகலில் அவள் அடித்துப் போட்டது போலத் தூங்குவாள். பாப்பா தாத்தா பொறுப்பு. ஒன்றரை வயது. இப்போதுதான் நடக்கிறாள், "தா" என்கிறாள். அவர் கூண்டில் பழம் கட்டும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பாதிப் பழத்தைப் பிடுங்கித் தின்றுவிடுவாள். அடம்பிடித்து அழுதால் லோடு ஆட்டோவில் பக்கத்தில் போட்டுக்கொண்டு ஒரு சுற்று. இரண்டாவது திருப்பத்தில் தூங்கிவிடுவாள். அவளை விட்டால் அவருக்கு வேறு உலகம் கிடையாது.

அந்தப் பதினாலாவது சிக்கிய அன்று பக்கத்து வீட்டு நர்ஸம்மா சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, அது குட்டி போட்டிருக்கு. காம்பப் பாருங்க, பால் கட்டி நிக்குது."

"நிக்கட்டும்."

"குட்டிங்க உங்க சீலிங்லதான் இருக்கும். தாயக் கொண்டு போயிட்டா அதுங்க என்ன ஆகும்?"

"நான் என்ன கொன்னா போட்டேன்? காடு மேடுன்னு சுதந்திரமா விட்டுட்டு வரேன். விஷம் வைக்கிறவன்கிட்ட போய்க் கேளுங்க இதெல்லாம்."

"அங்க ஏற்கெனவே இருக்கறதுங்க புதுசா வந்தத விட்டு வைக்குமா? உங்களத் தெரியாத எடத்துல எறக்கி விட்டா என்ன பண்ணுவீங்க?"

"பஸ் ஏறி வந்துருவேன்."

அவள் சிரிக்கவில்லை. அவரும் காம்பைப் பார்த்திருந்தார். பார்த்துவிட்டுத்தான் கொண்டுபோனார். என் பப்பாளியைத் தின்றாய் அல்லவா, இப்போது அனுபவி என்று வழியெல்லாம் கூண்டைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போனார். மற்றதெல்லாம் கதவு திறந்ததும் தலைதெறிக்க ஓடும். இது ஓடவில்லை. உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்த்தது. வண்டியைப் பார்த்தது. பிறகு வந்த வழியைப் பார்த்தது.

சீலிங்குக்கு மேலே மூன்று நாள் கத்தல். மெல்லியதாக, விடாமல், பசித்த கைக்குழந்தை மாதிரி. அவர் ரேடியோவைச் சத்தமாக வைத்தார். நாலாம் நாள் நின்றது. ஏழாம் நாள் நாற்றம். மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு ஏணி போட்டு ஏறினார். மூன்று. கையளவுதான். ஒன்றோடு ஒன்று ஒட்டியபடி கிடந்தன. பிளாஸ்டிக் பையில் அள்ளித் தெருமுனைக் குப்பைத்தொட்டியில் போட்டார். மகளிடம் எலி என்றார். நர்ஸம்மா வாசலில் நின்று பையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவருக்கு ஆறியிருக்கும்.

அன்றோடு ஒரு முடிவு. இனிமேல் பிடிபட்டதைப் பார்ப்பதில்லை. கதவு விழுந்ததும் பின்பக்கமாகப் போய்ச் சாக்கைப் போர்த்திவிட வேண்டும். விடுகிற இடத்தில் ஆட்டோவுக்கு அந்தப்பக்கம் நின்று கயிற்றால் கதவைத் தூக்கிவிட வேண்டும். முகத்தைப் பார்த்தால்தானே வம்பு.

அப்படிச் சாக்கோடு போனவர், உள்ளே சத்தமே இல்லையே என்று குனிந்து பார்த்ததுதான் அந்தக் காலிக் கூண்டு. அதன்பிறகு பழம் போய், கூண்டு மூடியிருப்பது தினப்படி ஆனது. வீட்டுக்குள் வறுத்த அரிசி வாசனை வர ஆரம்பித்தது. மரநாய் இருக்கும் இடத்தில் வருகிற வாசனை. துணி அலமாரியில் வந்தது. பாப்பாவின் தலையணையில் வந்தது. ஒரு நாள் காலையில் பப்பாளி மரம் அடியோடு பட்டை உரிந்து நின்றது. மறுநாள் பூட்டிய கூண்டுக்குள் அவருடைய ஒற்றைச் செருப்பு. அதற்கு மறுநாள் பாப்பாவின் சாக்ஸ். அழகாக, நடுவில், பழம் கட்டுகிற கம்பிக்கு நேர் கீழே.

பயத்தைக் கோபமாக மாற்றிக்கொள்வது அவருக்குக் கைவந்த கலை.

"என்கிட்டயே வேலை காட்டுறியா?"

பழைய கூண்டு சின்னது, அதனால்தான் தப்பிக்கிறது என்று தனக்குத் தானே தீர்ப்புச் சொன்னார். இரண்டு நாள் உட்கார்ந்து புதுசு அடித்தார். ஒரு ஆட்டுக்குட்டியே தாராளமாக நுழையலாம். சமையலறைப் பின்வாசலுக்கு எதிரே வைத்து முழுச் சீப்பையும் தொங்கவிட்டார்.

மறுநாள் சாயங்காலம் நாலரை மணி. மகளும் பாப்பாவும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர் ஷெட்டில் கம்பிக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தார். டமார் என்று கதவு விழுந்தது.

அரத்தை எறிந்துவிட்டு எழுந்தார். சந்தோஷத்தில்தான். சாக்கை எடுத்துக்கொண்டு பின்பக்கமாகப் போய், முகத்தைத் திருப்பிக்கொண்டு போர்த்தினார். உள்ளே பாய்ச்சல் இல்லை, சீறல் இல்லை. பழத்தை மெல்லுகிற சத்தம் மட்டும். பிரஷ்ஷைப் பெயிண்டில் தோய்த்துச் சாக்குக்கு அடியில் விட்டார். நுனியை எதுவோ பிடித்தது. கடிக்கவில்லை. பிடித்தது. கொஞ்ச நேரம் விளையாட்டாக வைத்திருந்து, பிறகு விட்டது.

சாக்கின் ஓரத்தை அவர் கை தொட்டது. தூக்கவில்லை.

கிளம்பும் முன் அறையை எட்டிப் பார்த்தார். மகள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். பக்கத்தில் போர்வைக்குள் சின்ன மேடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. வறுத்த அரிசி வாசனை. எல்லா அறையிலும்தான் வருகிறதே என்று கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

கூண்டு கனத்தது. பெருசு, தின்றே கொழுத்திருக்கிறது என்று முனகிக்கொண்டு பின்னால் ஏற்றினார். முதல் திருப்பம் வரை சாக்குக்குள் ஏதோ புரண்டது. இரண்டாவது திருப்பத்தில் அடங்கியது. அவர் மனசில் ஏதோ ஒன்று இடறியது. ஆக்சிலேட்டரை முறுக்கினார்.

தரிசில் வெயில் சாய்ந்திருந்தது. காற்று இல்லை. கூண்டை இறக்கிவைத்து, சாக்குக்கு அடியில் தடவிக் கொக்கியைத் தூக்கிவிட்டு, ஆட்டோவுக்கு அந்தப்பக்கம் போய், முதுகைக் காட்டி நின்று கயிற்றை இழுத்தார். கதவு ஏறியது. வெகுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு சாக்கு சரிகிற சத்தம். புல் விலகுகிற சத்தம். ஓட்டம் இல்லை. நின்று, தடுமாறி, நின்று போகிற நடை.

"போ. உன் குட்டிங்க போன எடத்துக்கே போ."

போன் அடித்தது. மகள்.

"அப்பா, பாப்பாவ வண்டியில கூட்டிட்டுப் போனீங்களா?"

"இல்லம்மா. உன் பக்கத்துலதானே தூங்குறா."

"விளையாடாதீங்கப்பா. பின்வாசல் தெறந்து கெடக்கு. பெட்டு பூரா நீலமா ஏதோ அப்பிக் கெடக்கு. போர்வை சூடா இருக்கு. உள்ள யாரும் இல்ல."

அவர் ஆட்டோவைச் சுற்றி வந்தார். கூண்டுக்குள் நசுங்கிய வாழைப்பழத் தோல். ஒற்றைச் சாக்ஸ். கம்பியில் ஐந்து சின்ன விரல்களின் நீலத் தடம்.

"அப்பா? அப்பா, பேசுங்க."

புல்லுக்குள் முப்பது அடி தூரத்தில் ஒரு கோடு மெதுவாக விலகிப் போய்க்கொண்டிருந்தது. அவர் ஓடினார். ஓட ஓட அது தள்ளிப் போனது. புல் அவர் இடுப்பைப் பிடித்து இழுத்தது.

"பாப்பா!"

சிரிப்புச் சத்தம் கேட்டது. அவளுக்குப் பிடித்த எதையோ பார்த்துவிட்ட சிரிப்பு.

கோடு நின்றது. அதற்கு முன்னால் புல்லுக்கு மேலே ஒரு வால் நிமிர்ந்தது. நுனியில் நீலம். இடதுபக்கம் இன்னொன்று. வலதுபக்கம் இரண்டு. பின்னால். நாலு, ஏழு, பதினொன்று. எல்லாம் அவர் கையால் இழுத்த நீலம். எல்லாம் ஈரம்.

பதினாலாவது மட்டும் வாலைத் தூக்கவில்லை. ஒரு கல்லின் மேல் ஏறி உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்த்தது. பிறகு அவர் வந்த வழியைப் பார்த்தது.

"தா," என்றது புல்லுக்குள் ஒரு குரல்.

நீல வால்கள் ஒவ்வொன்றாக அந்தக் குரலை நோக்கிச் சாய்ந்து, புல்லுக்குள் இறங்கின.