பருப்பளவு தோல்

முழங்காலுக்குக் கீழே, பொய்க்கால் கவ்வும் இடத்தில் டெல்சிக்குத் தோல் எரிந்தது... மிளகாய் அரைத்த கையால் தேய்த்த மாதிரி. தேயிலைத் தோட்டத்து லய வீட்டிலிருந்து மஸ்கெலியா ரோட்டுக்கு இறங்கினாலே இதுதான். ஹட்டன் பஸ்ஸில் உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வெளியே மழை. வளைவில் பஸ் சாய்ந்தது. ஒரு கனத்த சப்பாத்து அவளுடைய இடது பாதத்தின் மேல் ஏறி, அங்கேயே நின்றுவிட்டது.

"காலை எடுக்கிறீங்களா சார்?"

கண்ணாடி போட்ட இளைஞன் குனிந்து பார்த்துப் பதறினான். "ஐயோ... மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நல்லா நொந்துபோச்சே?"

"நொந்தா தேவலையே! அது றப்பர் காலு. இன்னும் ரெண்டு மிதி மிதிங்க, கத்தாது. செருப்புதான் புதுசு."

அவன் அவளுடைய கண்களைத்தான் பார்த்தான். கறுத்த, பெரிய கண்கள்... சிரிப்பை அடக்கிக்கொண்டு, யாரிடமும் இரக்கம் கேட்காத கண்கள்.

ஹட்டனில் இருவரும் இறங்கினார்கள். ஒரே தேவாலய மண்டபத்துக்குள் நுழைந்தார்கள். அங்கே மாதம் ஒருமுறை பொய்க்கால் திருத்தும் முகாம் நடக்கும். அவன் மருத்துவர்களின் மேசைக்குப் பின்னால் போய் நின்றான்.

"அட... மிதிச்ச ஆளே வைத்தியருமா?"

"வைத்தியர் இல்லை. என்ர பேர் செந்தூரன். கண்டியில ஒரு ஆய்வுக்கூடத்தில தோலைப் பற்றிப் படிக்கிறன்."

"பேச்சு யாழ்ப்பாணமா இருக்கே. தோலைப் படிக்கக்கூட அங்க இருந்து ஆள் வரணுமா சார்?"

அவன் சிரித்தான். பிறகு விளக்கினான். உள்ளங்கால் தோல் ஏன் தடிப்பாக இருக்கிறது? அதற்கு அடியிலுள்ள செல்கள், தடித்து வளர் என்று மேல்தோலுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. அந்தச் செல்களைக் கொஞ்சம் எடுத்து, வளர்த்து, வெட்டுப்பட்ட காலின் நுனியில் ஊசியாகப் போட்டால் அந்தத் தோலும் உள்ளங்கால்போல் உறுதியாகலாம்.

"ஆகலாம் எண்டுதான் சொல்லுறன். இன்னும் ஒருத்தருக்கும் போட்டுப் பாக்கேல்லை."

டெல்சி சிரிப்பை நிறுத்திவிட்டாள். மண்சரிவில் லயச்சுவர் விழுந்து கால் போனதிலிருந்து அவளுக்குப் பிள்ளைக் காம்பராவில்தான் வேலை. ஊரார் குழந்தைகளைத் தொட்டிலில் ஆட்டும் வேலை. பொய்க்காலோடு சரிவில் அரை நாள் நின்றால் தோல் கிழிந்து இரத்தம் வரும்.

"நான் மறுபடி மலைக்கு ஏறணும் சார். கொழுந்து எடுக்கணும். நடக்குமா?"

"நடக்க வைக்கப் பாக்கிறன்."

அம்மா பெற்றீசியா கேட்டதும் கத்தினாள். "இருக்கிறதே ஒரு காலு! அதையும் கிள்ளிக் குடுக்கப் போறியாடி?"

"பருப்பளவுதாம்மா."

மருத்துவர் அவளுடைய நல்ல காலின் உள்ளங்காலிலிருந்து பருப்பளவு தோல் எடுத்தார். செந்தூரன் போத்தலைப் பிடித்துக்கொண்டு நின்றான். அப்போது அவன் அவளிடம் சொல்லவேண்டிய ஒரு விஷயம் இருந்தது. ஊசி போடும் வரைக்கும் அந்த மொட்டைக் காலை உராயவிடக் கூடாது, பொய்க்காலுக்குள் போடும் துணி உறையில்லாமல் நடக்கக் கூடாது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு அவனைப் பார்த்துச் சிரித்தாள்... "வலிக்குதோ?" என்று மட்டும் கேட்டான்.

மாதா மாதம் வந்தான். கச்சான் கடலை கொண்டுவந்தான்.

"உங்கட செல் நல்லா வளருது. உங்களைப் போல, அடங்குதில்லை."

"பச்சப் புள்ள மாதிரி பாத்துக்குங்க சார். பனியில நனைஞ்சிறப் போகுது."

இதற்கு மேல் இருவரும் பேசவில்லை. ஆராய்ச்சிக்குத் தோல் கொடுத்தவளிடம் மனதைச் சொல்வது முறையில்லை என்று அவன் வாயை மூடிக்கொண்டான். தோலுக்காகத்தான் வருகிறார், நமக்காகவா வருவார் என்று அவள் ரோஷத்தோடு இருந்தாள்.

அடைமழை மாதம் அவள் முகாமுக்கு வரவில்லை. செந்தூரன் லயத்துக்குப் போனான். பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுக் காம்பராவில் கேட்டான்; ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்றார்கள். ஓடினான்.

கட்டிலில் போர்வை, முழங்கால் இருக்கவேண்டிய இடத்தில் தட்டையாகக் கிடந்தது.

"புண்ணு எலும்புக்கு எறங்கிருச்சாம்," என்றாள் டெல்சி. "முழங்காலோட எடுத்துட்டாங்க."

"எப்பிடி? உறை போட்டுத்தானே நடந்தனீங்கள்?"

"கழட்டிட்டேன்." அவள் ஜன்னலைப் பார்த்தாள். "சின்னப் புள்ளையில செருப்பில்லாம கல்லு ரோட்டுல நடந்து நடந்துதானே எங்க காலு காய்ச்சிப் போகும்? நீங்க ஊசியோட வர்றதுக்குள்ள இந்தக் காலையும் கொஞ்சம் பழக்கி வைப்போம்னு... வெறுங்காலா பொய்க்கால மாட்டி, தினமும் கோயில் மேட்டுக்கு ஏறி எறங்குனேன். இரத்தம் வந்துச்சு. மொதல்ல அப்படித்தானே வரும்னு இருந்துட்டேன்."

செந்தூரன் பெஞ்சில் உட்கார்ந்தான்.

"என் தோலு என்னாச்சு?"

"உயிரோட இருக்கு. நல்லா வளந்திருக்கு."

"முழங்காலுக்குக் கீழதானே போடுவீங்க?"

"ஓம்... முதல் பரிசோதனை முழங்கால் இருக்கிற ஆக்களுக்கு மட்டுந்தான்."

"உறையைக் கழட்டாதேங்கோ எண்டு நான் அண்டைக்குச் சொல்லியிருக்கோணும், டெல்சி. சொல்லாமல் உங்கட முகத்தைப் பாத்துக்கொண்டு நிண்டனான். அந்த பஸ்ஸில இருந்தே எனக்கு உங்களில விருப்பம்..."

அவள் கண்கள் நிறைந்தன. ஆனாலும் விடவில்லை.

"இத அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருந்தா, அடுத்த வார்த்தையா அந்த உறைக் கதையையும் சொல்லியிருப்பீங்களே சார்..."

அவன் பெஞ்சில் அவள் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தான்.

"நான் மட்டும் மாசா மாசம் பொய்க்காலைத் திருத்தவா வந்தேன்? எனக்கும் விருப்பந்தாங்க." அவன் கையைப் பிடித்தாள். கொழுந்து கிள்ளிக் காய்த்திருந்த அவள் விரல்கள் இப்போது மென்மையாகிவிட்டிருந்தன. "ஆனா அது வேற கணக்கு. மலைக்கு ஏத்தி விடுறேன்னு சொல்லித்தானே வாங்கினீங்க? அது பாக்கி."

"பாக்கிதான்," என்றான்.

அவளிடமிருந்து எடுத்த பருப்பளவு தோல். அதற்கு ஈடாக, அவள் ஏறவேண்டிய மலை. இரண்டையும் அவன் இன்னும் கொடுக்கவில்லை.